காடு பற்றிய காணி

திருகோணமலை உட்துறைமுகத்தின் கரையிலிருந்து எழும் மேட்டுக்கு அரசாங்கக் கடிதங்களில் ஓர்ஸ் ஹில் என்றும் ஊரவர் பேச்சில் உவர்மலை என்றும் பெயர். கிழக்கு மாகாண ஆளுநரின் செயலகம் இங்கே கீழ் வீதியில் இருப்பதனால், காணி முறையீட்டுக் கடிதத்தைப் பொலித்தீன் உறையில் பத்திரப்படுத்திக்கொண்டு மூதூரிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் பேருந்தேறி வருவோருக்கும் இவ்விடம் பழக்கமானது. மேட்டிலிருந்து மேற்கே பார்த்தால் துறைமுக நீருக்கு அப்பால் சீனன்குடாவும், அதற்கும் அப்பால் தம்பலகாமத்து வயல்களும், வயல்களைச் சூழ்ந்த பற்றைக்காடுமாக மாவட்டம் விரிகிறது. காட்டுக்கும் கமத்துக்கும் நடுவே அங்கே நிலையான எல்லை கிடையாது. பெரும்போகத்தில் நெல் நிற்கும் அதே நிலத்தில் அறுவடை முடிந்ததும் யானை மேய்கிறது, இரண்டு வருடம் கைவிட்ட மேட்டுக்காணியில் நாயுருவியும் விராலியும் முளைக்கின்றன, அவற்றின் பின்னால் மானும் முயலும் வருகின்றன. ஆகவே இம்மாவட்டத்தில் காட்டுயிரைக் காப்பது யார் என்ற கேள்விக்கு அரசின் திணைக்களங்களை மட்டும் விடையாகச் சொல்ல முடியாது. வயலும் வளவும் வைத்திருக்கும் காணிக்காரரே அதற்குப் பாதி விடை.

இது வெறும் உபசார வார்த்தையன்று. இலங்கை முழுவதையும் உள்ளடக்கிய யானைப் பரம்பல் ஆய்வொன்று 2021இல் வெளியானபோது, நாட்டின் பரப்பில் ஏறத்தாழ 60 சதவீதத்தில் யானைகள் நடமாடுகின்றன என்றும், அவ்வாறு நடமாடும் பரப்பில் ஏறத்தாழ 70 சதவீதத்தில் மனிதர்களும் குடியிருக்கிறார்கள் என்றும் தெரியவந்தது. தேசிய பூங்காக்களின் எல்லைக்குள் யானையும், எல்லைக்கு வெளியே மனிதனும் என்ற பழைய கற்பனையை இந்த இரண்டு எண்களும் முடித்துவைத்துவிட்டன. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 5,879 யானைகள் எண்ணப்பட்ட நாட்டில், 2019ஆம் ஆண்டு மட்டும் 400க்கும் மேற்பட்ட யானைகளும் 120க்கும் மேற்பட்ட மனிதர்களும் ஒருவரையொருவர் எதிர்கொண்ட பூசலில் இறந்தார்கள். கந்தளாய், மொறவெவ, கோமரங்கடவல, சேருவில, தம்பலகாமம், மூதூர் ஆகிய பிரதேசங்களில் யானை வெடியின் சத்தம் கேளாத போகம் அரிது.

தம் நிலத்தில் காட்டுயிருக்கு இடம் விடும் காணிக்காரருக்கு அந்தச் செயலின் பொருட்டு ஏதேனும் ஒரு நன்மை கிடைக்கும்படி செய்யும் ஏற்பாடுகளைப் பாதுகாப்பு ஊக்குவிப்புத் திட்டங்கள் என்பர். நன்மை பணமாக இருக்கலாம். மரக்கன்று, மின்வேலிக் கம்பி, குறைந்த வட்டிக் கடன், வரிச் சலுகை, விளைபொருளுக்குக் கூடிய விலை என்ற உருவிலும் இருக்கலாம். ஒரு மலைச்சரிவில் காட்டை விட்டுவைப்பதனால் கீழேயுள்ள குளத்தில் வண்டல் சேராமலிருக்குமானால், அந்தப் பயனைத் துய்ப்போர் மேலேயுள்ளவருக்கு ஆண்டுதோறும் தரும் தொகை சூழற்சேவைக் கொடுப்பனவு எனப்படும். இவற்றை நட்டஈட்டுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. யானை வயலை மிதித்த பின் கமநலக் காப்புறுதி தரும் தொகை, நடந்துவிட்ட இழப்புக்கானது; ஊக்குவிப்போ நடக்கவேண்டிய நல்ல காரியத்துக்கானது. ஆனால் காணிக்காரர் தாமாக முன்வந்து பெயர் கொடுக்காவிட்டால் ஊக்குவிப்புத் திட்டம் கடதாசியிலேயே கிடக்கும். காணிக்காரர் எதனால் முன்வருகிறார், எதனால் பின்வாங்குகிறார் என்பதே இத்துறையின் மையக் கேள்வியாக இருப்பது இதனாலேதான்.

தமிழ்நாட்டில் இதற்கு மிகப் பழைய விடையொன்று உண்டு. செங்கல்பட்டுக்கு அருகே வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டும் நீர்ப்பறவைகளை அவ்வூர் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்ததற்குக் கருணை மட்டும் காரணமன்று. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்குப் பாயும்போது அதுவே உரமாயிற்று. ஆங்கிலேயர்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட, அப்போதைய கலெக்டர் லயனல் பிளேஸ் 1798இல் அவர்களுடைய உரிமையை ஏற்று எழுதிக் கொடுத்தார். இச்சம்பவத்தில் கவனிக்கத்தக்கது, ஊரார் கலெக்டரிடம் பணம் கேட்கவில்லை என்பது. ஏரியின் பயன் ஏற்கெனவே அவர்களிடம் இருந்தது; அதை எவரும் பறிக்கமாட்டார் என்ற எழுத்தையே கேட்டார்கள். திருகோணமலையின் நிலைமையை விளங்கிக்கொள்ள அந்த எழுத்து ஒரு திறவுகோல்.

இலங்கையின் காணிக்காரர் பாதுகாப்பு என்ற சொல்லை இதுவரை சந்தித்தது பெரும்பாலும் தடையின் உருவில். 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் சரணாலயம் என்ற ஒரு வகையை ஏற்படுத்தியது. தேசிய பூங்காவைப் போலன்றிச் சரணாலயத்துக்குள் தனியார் காணியும் அடங்கலாம், குடியிருப்போர் தம் தொழிலைத் தொடரலாம், ஆனால் விலங்குக்குத் தீங்கு செய்யலாகாது. 1970இல் பிரகடனமான சேருவில-அல்லைச் சரணாலயம் இந்த வகையினது. 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, பெண்பனை போன்றவற்றைத் தன் சொந்த வளவிலிருந்தும் அனுமதியின்றி வெட்டலாகாது என்றது. 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி வயற்காணியை வேறு தேவைக்கு மாற்ற அனுமதி வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தக்க நியாயம் உண்டு. ஊர்ப் பெண்பனைகள் இன்னும் மிஞ்சியிருப்பதில் அந்தச் சட்டத்துக்கும் பங்கு இருக்கும். ஆயினும் இந்த நீண்ட பட்டியலில், மரத்தை வளர்த்தவருக்கு இன்னது கிடைக்கும் என்று சொல்லும் வரி எதுவும் இல்லை. விளைவு எந்த வளவிலும் காணக்கூடியது: வேலியோரம் தானாக முளைத்த பலாக் கன்றை முழங்கால் உயரத்தில் கையால் பிடுங்கிவிடலாம், அதற்கு எவரிடமும் கேட்கவேண்டியதில்லை, பத்து வருடம் வளரவிட்டால் அதைத் தொடுவதற்குக் கிராம உத்தியோகத்தரிலிருந்து பிரதேச செயலகம் வரை நடக்கவேண்டும். வருங்காலத்தில் வீடு கட்ட எண்ணியிருப்பவர் எதைச் செய்வார் என்பதை ஊகிப்பது கடினமன்று.

ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில் இதே சிக்கல் வேறு உருவில் எழுந்தது. முதிர்ந்த பைன் மரங்களில் துளையிட்டு வாழும் அருகிவரும் மரங்கொத்தி ஒன்று தம் தோப்பில் குடியேறிவிட்டால் மரம் வெட்டும் உரிமை கட்டுப்படுத்தப்படும் என்று அஞ்சிய காணிக்காரர்கள், மரங்கள் முதிரும் முன்பே வெட்டி விற்கத் தலைப்பட்டார்கள்; பறவையைக் காக்க வந்த சட்டம் அதன் வீட்டை இல்லாமலாக்கியது. 1995இல் அங்கே ஒரு புதிய உடன்படிக்கை அறிமுகமாயிற்று. இன்றைக்கு இக்காணியில் இத்தனை மரங்கொத்திக் குடும்பங்கள் உள்ளன என்று பதிவு செய்யப்படும்; காணிக்காரரின் நல்ல பராமரிப்பால் நாளை அவை பெருகினால், பெருகியவற்றின் பேரில் புதிய கட்டுப்பாடு எதுவும் விதிக்கப்படாது என்று அரசு எழுத்தில் வாக்களிக்கும். இந்த வாக்குறுதிக்காக அரசு பணம் எதுவும் செலவிடவில்லை, ஆயினும் காணிக்காரர்கள் பெருமளவில் சேர்ந்தார்கள்.

ஈழத்துத் தமிழில் உறுதி என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று எல்லாத் தமிழருக்கும் பொதுவான திடம், நம்பிக்கை என்பது. மற்றது நொத்தாரிசு எழுதிக் கையொப்பமிட்ட காணிப் பத்திரம். திருகோணமலையில் ஊக்குவிப்புத் திட்டம் எதுவும் வேர்பிடிக்கவேண்டுமானால் இந்த இரண்டு உறுதிகளையும் ஒருங்கே கவனிக்கவேண்டும். ஏனெனில் நாட்டின் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அரசுக்குரியது. கமக்காரர் பலர் வைத்திருப்பது உறுதிக்காணியன்று, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் வழங்கப்பட்ட, பேச்சுவழக்கில் பேமிட் காணி எனப்படும் நிலம். பேமிட் காணியை நினைத்தபடி விற்க முடியாது, குறித்த அளவுக்குக் கீழே பிரிக்க முடியாது. மேலும் அதை வெட்டித் திருத்திப் பயிரிட்டு அபிவிருத்தி செய்வது பத்திரத்தின் நிபந்தனை, நிபந்தனை மீறப்பட்டால் பத்திரம் இரத்தாகலாம். அதாவது மூலையில் ஒரு துண்டை யானைக்கும் மயிலுக்கும் என்று காடாக விட்டுவைக்கும் நல்ல மனம் படைத்த கமக்காரர், சட்டத்தின் எழுத்தைக் கறாராகப் பார்த்தால் தம் அனுமதிப்பத்திரத்தையே ஆபத்துக்கு உள்ளாக்குகிறார்.

உறுதிக்காணிக்கும் இடர் இல்லாமலில்லை. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, தனியார் காணியொன்றை மற்றொருவர் பத்து வருடம் தடையின்றித் தன்னுடையதாக ஆண்டுவந்தால் அவர் அதற்கு உரிமை கோரலாம். போரில் இடம்பெயர்ந்தோருக்கு இது பெரும் அநீதியாக முடியும் என்பதனால் 2016இல் விசேட ஏற்பாடுகள் சட்டமொன்று இயற்றப்பட்டது. சட்டம் திருத்தப்பட்டாலும் மனம் அவ்வளவு விரைவில் திருந்துவதில்லை. கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் காணிக்காரர் ஊரிலுள்ள உறவினருக்குப் பணம் அனுப்பி வருடம் ஒருமுறை காணியைத் துப்புரவாக்கச் சொல்வது பயிர் செய்வதற்காக அன்று. ஆள் இருக்கிறது என்று காட்டுவதற்காக. காடு பற்றிய காணி என்றால் கைவிட்டுப் போன காணி என்றே ஊர்மொழியில் பொருள். காணி காடாய்ப் போச்சு என்று ஒருவர் சொன்னால் எதிரே இருப்பவர் அதற்காக அனுதாபம் தெரிவிப்பார். இயற்கை மீள எழுந்ததை இழப்பாகக் கருதவேண்டிய நிலைக்கு மக்களைத் தள்ளியது அவர்களுடைய அறியாமை அன்று, அவர்கள் பட்ட பாடு.

அந்தப் பாட்டின் வரலாறு இங்கே நீளமானது. 2006இல் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தபின் அவர்களுடைய நிலம் உயர் பாதுகாப்பு வலயமாகவும் பிறகு முதலீட்டு வலயமாகவும் மாறி, 2015இலும் 2016இலும்தான் அதன் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. திரும்பி வந்தவர்கள் கண்டது கிணறும் அத்திவாரமும் தெரியாதபடி மூடிய பற்றை. வேறு இடங்களில், ஆட்கள் இல்லாத காலத்தில் மரம் வளர்ந்த பழைய வயல்களும் மேட்டுக்காணிகளும் வரைபடத்தில் காடாகக் குறிக்கப்பட்டன என்ற முறைப்பாடு வடக்கிலும் கிழக்கிலும் தொடர்ந்து எழுந்தது. பிரதேச செயலகங்களின் பொறுப்பில் இருந்த எஞ்சிய காடுகளை 2001ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையொன்று வனப் பாதுகாப்பு நிருவாகத்தின் கீழ் கொண்டுவந்ததும், அது 2020இல் நீக்கப்பட்டபோது சூழலியலாளர்கள் காடழிப்பு பெருகும் என எதிர்த்ததும், கமக்காரர்களில் பலர் அதே நீக்கத்தை வரவேற்றதும் ஒரே நிகழ்வின் இரு முகங்கள். சூழலியலாளரின் அச்சமும் கமக்காரரின் அச்சமும் ஒருங்கே நியாயமானவை. எல்லைக்கல் ஒன்றைக் கண்டதும் அதற்குள்ளே இருக்கும் மரத்தை எண்ணுபவர் ஒருவர், அதற்குள்ளே அகப்பட்ட தன் தகப்பனின் கிணற்றை எண்ணுபவர் மற்றொருவர். இவ்விருவரையும் ஒரே மேசையில் அமர்த்தாத எந்தத் திட்டமும் இம்மாவட்டத்தில் ஆட்சேர்க்க முடியாது.

காணிக்காரர் சேர்ந்து நடத்தும் ஏற்பாடு இலங்கையில் வெற்றி பெறாமலில்லை. குருநாகல் மாவட்டத்தின் கல்கமுவைப் பகுதியில், பிரிதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான பாதுகாப்பு, ஆய்வு நிலையம் என்ற அமைப்பு ஊர்மக்களோடு சேர்ந்து வயல்வெளி மின்வேலி என்ற முறையை நடைமுறைப்படுத்தியது. அரசு கட்டிய நீண்ட மின்வேலிகள் பல, இரண்டு திணைக்களங்களின் நிருவாக எல்லையில், இருபுறமும் யானை உலவும் காட்டின் நடுவே செல்வன; அவற்றைக் கவனிக்க அங்கே ஆளில்லை. வயல்வெளி மின்வேலியோ பயிரின் விளிம்பிலேயே நிற்கிறது. விதைத்ததும் கமக்காரர்கள் கூடிக் கம்பியைக் கட்டுகிறார்கள், முறைவைத்துப் பராமரிக்கிறார்கள், அறுவடை முடிந்ததும் கழற்றி வைத்துவிடுகிறார்கள். அதன்பின் வயலில் கிடக்கும் தாளும் சிந்திய நெல்லும் முளைக்கும் புல்லும் யானைக்கு. ஒரே நிலத்தை மனிதனும் யானையும் காலம் பிரித்து அனுபவிக்கும் இந்த ஏற்பாட்டில் யாரும் யாரையும் துரத்தவேண்டியதில்லை. 2020இல் தயாரிக்கப்பட்ட மனித-யானை முரண்பாட்டுக்கான தேசிய செயற்றிட்டமும் ஊர்வேலியையும் வயல்வேலியையுமே முதன்மைப்படுத்துகிறது.

வேலியின் பராமரிப்பைச் சற்று நெருங்கிப் பார்த்தால் பங்கேற்பு என்ற சொல்லின் முழுப் பொருளும் விளங்கும். மின்வேலியில் ஓடுவது உயிரைக் கொல்லாத, அதிர்ச்சி மட்டும் தரும் துடிப்பு மின். மழைக்குப் பின் கம்பியின் அடியில் எழும் ஒரு பிடி புல் கம்பியைத் தொட்டாலே மின் நிலத்துக்கு இறங்கத் தொடங்கும், பல இடங்களில் புல் தொட்டால் வேலியின் மறுகோடியில் அதிர்ச்சியே இராது. எனவே ஒவ்வொரு காணிக்காரரும் தம் வரம்போரத்துப் புல்லைச் செதுக்கவேண்டும். ஒருவர் தவறினால் எல்லோருடைய நெல்லும் போகும். யானைக்கு இது விரைவில் தெரிந்துவிடுகிறது. மின் வலுவிழந்த இரவில் கட்டையைத் தள்ளிச் சாய்த்து உள்ளே வந்துவிடும். கம்பியையும் கட்டையையும் வெளியார் வாங்கிக் கொடுக்கலாம், ஆனால் அந்தப் பிடி புல்லை எந்த வெளியாரும் போகம் முழுவதும் செதுக்க முடியாது. ஊக்குவிப்பாகத் தரப்படும் பொருளின் மதிப்பைவிட, அதை வாங்கியவர் தமதாக ஏற்கிறாரா என்பதே அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்ற உண்மைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வஸ்கமுவ தேசிய பூங்காவின் ஓரத்து ஊர்களில் இலங்கை வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் வீட்டுத்தோட்டங்களைச் சுற்றித் தோடை மரங்களை நடச்செய்த திட்டம் இன்னொரு வழியைக் காட்டுகிறது. யானை தோடை இனத்தை விரும்புவதில்லை, காய்க்கும்போது குடும்பத்துக்கு வருமானம். றெக்கவ கடற்கரையில் ஆமை முட்டை எடுத்து விற்றுவந்தவர்களையே 1990களில் கூலிக்குக் கூட்டுக் காவலர்களாக்கிய முயற்சியும் இதே வகை. 2015இல் சிலாபத்தைத் தளமாகக் கொண்ட சுதீச நிறுவனமும் அமெரிக்காவின் சீகொலஜி அமைப்பும் அரசும் சேர்ந்து, களப்புகளை அண்டிய ஏறத்தாழ 15,000 பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் வழங்கி, அதற்கு ஈடாக அவர்கள் தம் ஊரின் கண்டற்காட்டைக் காப்பது என்ற ஏற்பாட்டைத் தொடங்கின.

கண்டலைப் பற்றிச் சொல்லும்போது ஒரு தோல்வியையும் சொல்லவேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கைக் கரையோரமெங்கும் 1,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பில் கண்டற் கன்றுகள் நடப்பட்டன. பின்னர் ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது ஐந்தில் ஒரு பங்களவு பரப்பிலேயே அவை நிலைத்திருந்தன. பொருந்தாத இடத்தில் நட்டதும், நட்டபின் பார்க்காததும் முக்கிய காரணங்கள். நட்ட கன்றை எண்ணிப் பணம் கொடுத்தால் நடுகை பெருகும். பிழைத்த கன்றை எண்ணிக் கொடுத்தால்தான் காடு பெருகும். திட்டம் வகுப்போர் இந்த வேறுபாட்டை ஒப்பந்தத்தின் முதற்பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.

பணம் சில வேளைகளில் எதிர்விளைவையும் தரும். சுவிற்சர்லாந்தில் அணுக்கழிவுக் களஞ்சியத்துக்குத் தெரிவு செய்யப்படவிருந்த கிராமத்தவரிடம் 1990களில் கேட்டபோது ஏறத்தாழ அரைவாசிப் பேர் நாட்டுக்காக ஏற்போம் என்றார்கள். ஆண்டுதோறும் பணம் தரப்படும் என்று சேர்த்துக் கேட்டதும் சம்மதித்தோர் கால் பங்காகக் குறைந்தார்கள். கடமையாக நினைத்துச் செய்ததைக் கூலியாக மாற்றினால் கடமையுணர்வு விலகிவிடக்கூடும் என்பதை இது காட்டுகிறது. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், பிரட்றிக் கோட்டைக்குள்ளும் நகரத்தின் தெருக்களிலும் அச்சமின்றித் திரியும் புள்ளிமான்களை இங்கே எவரும் கூலிக்குப் பாதுகாக்கவில்லை. சுண்டல் கடதாசியை நாடி மான் நெருங்கும்போது விரட்டாமல் விலகிப்போகும் நகரத்தவரின் பழக்கமே அவற்றின் காவல். அந்த மான்களுக்குத் தேவை பொலித்தீன் கலவாத குப்பைத்தொட்டியும் மேய்வதற்குப் புல்லுமே தவிர, நகரத்தவரின் தலைக்கு இவ்வளவு என்ற கொடுப்பனவு அன்று.

வற்புறுத்தலோ இதைவிடக் கேடானது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரே வர்த்தமானியில் தடைசெய்யப்பட்டபோது, மண்ணைக் காக்கும் நல்ல நோக்கமே காரணமாகச் சொல்லப்பட்டது. கமக்காரரைக் கலந்துபேசாமல், பழகிக்கொள்ளக் காலம் தராமல், மாற்று உரம் போதிய அளவு கைக்கு வராமல் செய்யப்பட்ட அந்த மாற்றம் அதே ஆண்டு நவம்பரில் கைவிடப்பட்டது. ஆயினும் அந்தப் பெரும்போகத்தின் விளைச்சல் வீழ்ந்தது. சேதனப் பசளை என்ற நல்ல சொல்லே கமக்காரர் காதில் கசப்பாக ஒலிக்கும்படி செய்துவிட்டது அந்த ஓராண்டு. மண்ணுக்கும் காட்டுக்கும் நன்மை விரும்பும் எவரும் அந்தத் தவறை மறக்கலாகாது.

காணிக்காரர் என்று சொல்லும்போது மனத்தில் எழும் உருவத்தையும் திருத்திக்கொள்ளவேண்டும். கிழக்குக் கரையில் வீடும் வளவும் வயலும் சீதனமாகப் பெண்பிள்ளைக்குப் போவது தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சாராரிடமும் பரவலான வழக்கம்; எனவே உறுதியில் பெயர் மனைவியுடையதாகவும், கூட்டத்துக்கு வருபவர் கணவராகவும் இருப்பது சாதாரணம். பேமிட் காணிகளிலோ, 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வரும்வரை, பின்னுரிமை வரிசையில் ஆண்பிள்ளைக்கே முதலிடம் இருந்தது. பத்திரம் இறந்துபோன தகப்பன் பெயரிலும், பராமரிப்பு மருமகன் கையிலும், அந்தப் போகத்துக்கான குத்தகை மூன்றாம் ஆளிடமும் இருக்கும் வயல்கள் எத்தனையோ. ஒரு போகத்துக்கு மட்டும் குத்தகைக்கு எடுத்தவர் பத்து வருடத்தில் நிழல் தரும் மருதமரத்தை வரம்பில் நடமாட்டார்; நடவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமன்று. கொஸ்தாரிக்கா நாடு 1997இல் காட்டைக் காக்கும் காணிக்காரருக்கு எரிபொருள் வரியிலிருந்து கொடுப்பனவு வழங்கத் தொடங்கியபோது, முறையான பத்திரம் இல்லாத ஏழைக் கமக்காரர் வெளியே நிற்கவேண்டி வந்தது. பிறகுதான் பத்திரமில்லாத அனுபவ உரிமையையும் ஏற்க வழி செய்தார்கள். திருகோணமலையில் அதே தவறைச் செய்துவிட்டுத் திருத்த அவகாசமில்லை.

உவர்மலை போன்ற நகரப் பகுதியிலும் செய்யக்கூடியது உண்டு. இங்கே வளவுக்கு உள்ளூராட்சி சபை அறவிடும் வரிக்குச் சோலைவரி என்று அழகான பெயர். வேம்பும் புளியும் பனையும் நிற்கும் வளவுக்கும், முழுவதும் சீமெந்து போட்டு மழைநீரை அப்படியே துறைமுகத்துக்குள் வழியவிடும் வளவுக்கும் அந்த வரி வேறுபாடு காட்டுவதில்லை. சரிவில் மரத்தையும் மண்ணையும் வைத்திருப்பவருக்குச் சோலைவரியில் சிறு கழிவு தருவது, சபைக்குப் பெரிய சுமையின்றிச் செய்யக்கூடிய ஊக்குவிப்பு. தமிழ்நாட்டின் வால்பாறையில் தேயிலைக் கம்பனிகளின் காணிக்குள் எஞ்சிய மழைக்காட்டுத் துண்டுகளை, இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை அக்கம்பனிகளோடு பேசி உடன்பட்டு 2000களின் தொடக்கத்திலிருந்து மீளவளர்த்துவருவதையும் இங்கே நினைக்கலாம்; காணி கைமாறவில்லை, பெயர் மாறவில்லை, காடு மட்டும் வளர்ந்தது.

கிராமத்துக்குப் புதிய அமைப்பொன்றை உருவாக்கவேண்டியதும் இல்லை. ஒவ்வொரு பெரும்போகத்துக்கும் முன் கமக்காரரும் நீர்ப்பாசன, கமநல உத்தியோகத்தர்களும் கூடி, தண்ணீர் திறக்கும் நாளையும் விதைப்பு முடியும் நாளையும் முடிவுசெய்யும் போக ஆரம்பக் கூட்டம் சட்ட வலுவுள்ளது. அங்கே எடுத்த முடிவு எல்லோரையும் கட்டும். வேலி கட்டும் நாள், கழற்றும் நாள், வரம்போரத்துப் புல் யாருடைய பொறுப்பு, கைவிட்ட மேட்டுக்காணியில் எதை விடுவது என்பனவெல்லாம் அந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இடம்பெறத் தக்கவையே. அங்கே வனசீவராசிகள் திணைக்கள உத்தியோகத்தரும் ஒரு கதிரையில் அமர்ந்தால் போதும்.

மாகாண நிருவாகத்திடமும் திணைக்களங்களிடமும் வைக்கவேண்டிய வேண்டுகோள் ஒன்றுதான். இனி எந்தப் பாதுகாப்புத் திட்டத்துக்கான விண்ணப்பப் படிவமும், தொகை எவ்வளவு என்று சொல்வதற்கு முன், இக்காணியில் வளரும் மரத்தாலோ வந்து தங்கும் விலங்காலோ இதன் உறுதிக்கும் அனுமதிப்பத்திரத்துக்கும் எந்தப் பாதிப்பும் வராது என்ற ஒரு வாக்கியத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, பொறுப்பான அதிகாரியின் கையொப்பத்துடன் தொடங்கட்டும். மாரிமழை ஐப்பசியில் தொடங்கும். அடுத்த போக ஆரம்பக் கூட்டத்துக்கு முன் அந்த ஒரு வாக்கியம் காணிக்காரர் கைக்குப் போய்ச் சேரவேண்டும்.